நலம், நலமறிய ஆவல்: போர்முனைக் கடிதங்கள் ஏன் எதையுமே சொல்வதில்லை?

பழைய பெட்டி ஒன்றைத் திறந்தபோது போர்க்காலக் கடிதக் கட்டு கிடைத்தது என்று உலகத்தில் எங்கிருந்தாவது செய்தி வந்துகொண்டே இருக்கிறது. ஆர்வமாகப் படிக்கப் போனால் ஏமாற்றம்தான். மழை விடாமல் பெய்கிறது, அனுப்பிய காலுறை வந்து சேர்ந்தது, பணம் கிடைத்ததா, தம்பி ஒழுங்காகப் படிக்கிறானா, எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். பீரங்கியும் இல்லை, பிணமும் இல்லை. இந்த ஆள் நிஜமாகவே சண்டைக்குப் போனாரா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். இன்னும் சிலர் இதே கடிதங்களைக் காட்டி, அந்தக் காலத்துச் சிப்பாய்கள் எவ்வளவு தைரியமாக, கவலையே இல்லாமல் இருந்திருக்கிறார்கள் பாருங்கள் என்று எழுதிவிடுகிறார்கள்.

இரண்டுமே அவசர முடிவு. எழுதியவர் மனதில் இருந்ததற்கும் நம் கையில் இருக்கும் தாளுக்கும் நடுவே பல பேர் நிற்கிறார்கள். அவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் அந்த மழையும் காலுறையும் வேறு மாதிரி தெரியும். அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

முதலில், அந்தக் கடிதம் எதற்கு?

போரைப் பற்றிச் செய்தி சொல்லத்தான் கடிதம் எழுதினார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எழுதியவருக்குப் பெரும்பாலும் வேறு இரண்டு வேலைகள் இருந்தன.

1. இந்தத் தேதி வரை உயிரோடு இருக்கிறேன் என்று தெரிவிப்பது. கடிதத்தில் உள்ள விஷயத்தைவிடத் தேதியும் கையெழுத்தும்தான் இங்கே முக்கியம்.

2. நான் இன்னும் அந்த வீட்டு ஆள்தான் என்று சொல்லிக்கொள்வது. நிலத்தை யாருக்குக் குத்தகைக்கு விட்டீர்கள், தங்கைக்கு வரன் அமைந்ததா, கடனை அடைத்தாயிற்றா என்று அடுக்கடுக்காகக் கேட்பது வெறும் விசாரிப்பு இல்லை. கடல் தாண்டிப் பதுங்குகுழியில் உட்கார்ந்திருந்தாலும், வீட்டு முடிவுகளில் தனக்கும் ஒரு சொல் உண்டு என்று அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இது நவீன காலத்துப் பழக்கமும் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் 1973-இல் மெல்லிய மரப்பலகைக் கடிதங்கள் கிடைக்கத் தொடங்கின. கிட்டத்தட்ட 1,900 வருடத்துக்கு முந்தியவை. அதில் ஒன்று, உனக்குக் காலுறைகளும் இரண்டு ஜோடி செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியிருக்கிறேன் என்கிறது. அவ்வளவுதான்! எகிப்திலிருந்து ரோமானியக் கடற்படைக்குப் போன ஆப்பியோன் என்ற இளைஞன் இத்தாலியிலிருந்து அப்பாவுக்கு எழுதுகிறான்: கடலில் ஆபத்து வந்தது, தெய்வம் காப்பாற்றியது, வழிச்செலவுக்கு மூன்று பொற்காசு கொடுத்தார்கள், எனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள், பதில் போடுங்கள். அதே எகிப்திலிருந்து இன்றைய ஹங்கேரிப் பக்கம் போன ஆரேலியுஸ் போலியோன் என்ற ரோமானியச் சிப்பாயின் கதை இன்னும் பாவம். அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஆறு கடிதம் போட்டும் ஒரு பதிலும் இல்லை, நான் உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் என்னை நினைப்பதே இல்லையா என்று கேட்கிறான். விடுதிக்குப் போன பையன் அனுப்பும் குறுஞ்செய்தியில் இதே வரியை இன்றும் பார்க்கலாம்.

நாம் எழுதும் ‘நலம், நலமறிய ஆவல்’ போலவே ரோமானியர்களுக்கும் ஒரு வாய்பாடு இருந்தது. நீ நலமென்றால் நல்லது, நான் நலம் என்பதை முதலெழுத்துகளாகவே சுருக்கி எழுதிவிடுவார்கள். நம் முல்லைத்திணைப் பாட்டுகளிலும் பாசறையில் இருப்பவன் சண்டையைப் பற்றிப் பேசுவதைவிட, மழைக்காலம் வந்துவிட்டதே, சொன்ன காலத்துக்குள் திரும்ப முடியவில்லையே, அவள் என்ன செய்கிறாளோ என்றுதான் அதிகம் பேசுகிறான். ஆக, கடிதத்தில் போர் இல்லாததற்குத் தணிக்கையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அதற்கு முன்பே இந்த வழக்கம் இருக்கிறது. தணிக்கை அதன் மேல் வந்து உட்கார்ந்தது.

கடிதம் போகும் வழி

முதல் உலகப்போரில் படிப்பறிவுள்ள சாதாரணச் சிப்பாய்கள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் வீட்டைப் பிரிந்தார்கள். தபால் பெருவெள்ளமாக ஓடியது. லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் கடிதம் பிரிப்பதற்கென்றே மரத்தில் பிரம்மாண்டமான கூடம் ஒன்றைக் கட்டினார்கள். உச்சத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்கள் அதன் வழியாகப் போயின. அங்கிருந்து ரயில், கப்பல், மறுபடி ரயில், அப்புறம் ரேஷன் வண்டியோடு பதுங்குகுழி வரை. பிரிட்டனில் போட்ட கடிதம் பிரான்சில் போர்முனைக்குப் போய்ச் சேர இரண்டு நாள்தான் ஆகும். இன்றைக்குச் சில பார்சல்கள் வரும் வேகத்தைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஜெர்மனியின் களத்தபால் அந்தப் போர் முழுவதும் இரு பக்கமுமாகக் கையாண்டது சுமார் 2,870 கோடி உருப்படிகள்.

சண்டை நடக்கும்போது இவ்வளவு செலவு செய்து கடிதம் சுமப்பானேன்? வீட்டிலிருந்து தபால் வராத படை சண்டை போடாது என்பதைத் தளபதிகள் அனுபவத்தில் கற்றிருந்தார்கள். பல நாடுகள் சிப்பாய்க்குத் தபால் செலவையே இலவசமாக்கின. கடிதத்துக்கு ராணுவம் கொடுத்த இடம், வெடிமருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அடுத்த இடம்.

சரி, முகவரி? இங்கேதான் முதல் சிக்கல். ஒரு கடித உறையில் படைப்பிரிவின் பெயரும் ஊர் பெயரும் இருந்தால், பத்து உறை எதிரி கையில் கிடைத்தால் போதும், எந்தப் பிரிவு எங்கே நிற்கிறது என்று வரைபடமே போட்டுவிடலாம். அதனால் ஊர் பெயரை எடுத்துவிட்டு எண்ணைப் போட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் சிப்பாயின் முகவரி ஓர் ஐந்திலக்க எண். இந்திய ராணுவத்தில் இன்றும் ‘56 ஏபிஓ’, ‘99 ஏபிஓ’ (ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சலகம்) என்று முடியும் முகவரிக்குப் பின்னால் இருப்பதும் இதே தர்க்கம்தான். வீட்டில் இருப்பவர் எழுதுவது படைப்பிரிவும் அந்த எண்ணும் மட்டும். அந்தப் பிரிவு இன்று பனிமலையில் இருக்கிறதா பாலைவனத்தில் இருக்கிறதா என்பது ராணுவ அஞ்சல் பணியாளர்களுக்குத்தான் தெரியும். பிரிவு இடம் மாறினாலும் வீட்டார் முகவரி மாற்ற வேண்டியதில்லை என்பது கூடுதல் வசதி.

இதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். எழுதுகிறவர் எங்கிருந்து எழுதுகிறார் என்று வீட்டுக்கே தெரியாது. ‘இங்கே குளிர் அதிகம்’ என்ற சாதா வரியை அப்பா நான்கு தடவை படித்து, அட்லஸைப் பிரித்துவைத்துக்கொண்டு யோசிப்பது இதனால்தான்.

தணிக்கை: யார் படித்தார்கள், எதை வெட்டினார்கள்?

தணிக்கை என்றதும் எங்கோ ஓர் இருட்டறையில் உட்கார்ந்து கறுப்பு மை பூசும் அதிகாரி நினைவுக்கு வருவார். அவரும் உண்டு. ஆனால் முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் படையில் சிப்பாயின் கடிதத்தை முதலில் படித்தவர் அவருடைய சொந்தப் பிரிவின் இளம் அதிகாரி. காலையில் தனக்கு ஆணையிடும் ஆள், இருபது வயதுகூட ஆகாத பையனாகவும் இருக்கலாம், மாலையில் தன் மனைவிக்கு எழுதியதைப் படிப்பார். அப்படியிருக்க எவன் மனம் திறந்து எழுதுவான்? அதிகாரிகளின் கடிதங்களுக்கோ அவர்களே பொறுப்பு, நம்பிக்கையின் பேரில் விட்டுவிடுவார்கள். அதிகாரிகளின் கடிதங்கள் விலாவாரியாகவும் சிப்பாய்களின் கடிதங்கள் வறட்சியாகவும் இருப்பதற்குப் படிப்பு மட்டும் காரணமில்லை.

வெட்டப்பட்டவை பெரும்பாலும் இவை:

1. இருக்கும் இடம், போகப்போகும் இடம், புறப்படும் தேதி.
2. படைப்பிரிவின் பலம், ஆயுதங்கள், இழப்புகள்.
3. மேலதிகாரிகள் மீதான குறை, போரின் மேல் வெறுப்பு.

முதல் இரண்டும் எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. மூன்றாவது எதிரிக்காக இல்லை, சொந்த நாட்டு மக்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. தணிக்கையைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு நோக்கங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். முதல் இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். மூன்றாவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரஷ்ய எழுத்தாளர் அலெக்சாண்டர் சோல்ஷெனிட்சின் உதாரணம். சோவியத் பீரங்கிப் படையில் கேப்டனாக இருந்த அவர், வேறொரு முனையில் இருந்த நண்பருக்கு ஸ்டாலினைக் குறைசொல்லி எழுதிய கடிதங்களுக்காக 1945 பிப்ரவரியில் போர்முனையிலேயே கைதானார். தண்டனை எட்டு வருட முகாம் வாழ்க்கை. நாஜி ஜெர்மனியில் படையின் மன உறுதியைக் குலைப்பது என்று ஒரு குற்றப்பிரிவே இருந்தது, மரண தண்டனை வரை போகலாம்.

படிப்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1917-இல் பிரெஞ்சுப் படையில் கலகம் வெடித்தபோது, சிப்பாய்களின் மனநிலையைத் தெரிந்துகொள்ளத் தளபதிகளுக்கு இருந்த நல்ல வழி அவர்களுடைய கடிதங்கள்தான். கொஞ்சம் கொஞ்சமாக மாதிரி எடுத்துப் படித்து அறிக்கை தயாரித்தார்கள். கருத்துக்கணிப்பு என்ற தொழில் வருவதற்கு முன்பே ஒருவகைக் கருத்துக்கணிப்பு, கேட்கப்பட்டவருக்குத் தெரியாமல்.

எழுதவே வேண்டாம், அடித்தால் போதும்

கடிதங்களைப் படித்து மாளவில்லை. அதற்குப் பிரிட்டிஷ் ராணுவம் கண்டுபிடித்த வழி, வாக்கியங்களையே ஓர் அட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிடுவது. நான் நலமாக இருக்கிறேன். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன். உங்கள் கடிதம், தந்தி, பார்சல் கிடைத்தது. நெடுநாளாக உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. இப்படிச் சில வரிகள் அந்த அட்டையில் இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். வேறு ஒரு சொல் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே எச்சரிக்கை. ‘கையை இழந்துவிட்டேன்’ என்பதற்கும் ‘சாகப்போகிறேன்’ என்பதற்கும் அந்த அட்டையில் வரி கிடையாது. எல்லா வழியும் ஏதோ ஒரு நலத்தில்தான் போய் முடியும்.

இதற்கு நேர்மாறாக ஒரு சலுகையும் இருந்தது, பச்சை உறை. உள்ளே குடும்ப விஷயம் மட்டும்தான் இருக்கிறது என்று சிப்பாய் சத்தியம் செய்து கையெழுத்திட்டால், பிரிவின் அதிகாரி அதைப் பிரிக்க மாட்டார். பின்தளத்தில் யாராவது பிரிக்கலாம், ஆனால் அவர் முன்பின் தெரியாத ஆள். அந்நியன் படித்தால் பரவாயில்லை, தெரிந்தவன் படிக்கக் கூடாது என்பதுதான் மனித சுபாவம், அதனால் பச்சை உறைக்குக் கிராக்கி.

ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவன் அதிகாரியாக இருந்தும் அம்மாவோடு தனிச் சங்கேதம் வைத்திருந்தார். அச்சடித்த அட்டையில் ‘பின்தளத்துக்கு அனுப்பப்படுகிறேன்’ என்ற வரியை ஒரு கோட்டால் அடிக்காமல் இரண்டு கோட்டால் அடித்திருந்தால், போர்முனைக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஒரே ஒரு கோடு கூடுதல். எந்தத் தணிக்கையாளரால் அதைப் பிடிக்க முடியும்?

இந்தியச் சிப்பாய்களின் கடிதங்கள்: ஆறு பேர் சேர்ந்து எழுதிய கடிதம்

இந்த விஷயத்தில் மிகவும் சுவாரசியமான, மிகவும் சிக்கலான பகுதி இதுதான். 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படை பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. போர் முடிவதற்குள் சுமார் 1,38,000 இந்தியர்கள் பிரான்சுக்குப் போயிருந்தார்கள். 1915 மார்ச் வாக்கில் அங்கிருந்து வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை இந்தியாவுக்குப் போயின.

உள்ளே வரும் தபாலில் புரட்சிக்காரர்களின் துண்டுப்பிரசுரம் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பிரிட்டிஷ் அரசு இந்தத் தணிக்கையைத் தொடங்கியது. இந்திய ஆட்சிப்பணி அதிகாரி ஈவ்லின் ஹாவெல் இதற்குத் தலைமை தணிக்கையாளர். பிறகு வெளியே போகும் கடிதங்களையும் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு கடிதம் உருவாகும் வரிசையைப் பாருங்கள்:

1. சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. அவர் வாயால் சொல்ல, எழுதத் தெரிந்த தோழரோ எழுத்தரோ எழுதுவார்.

2. எழுதுபவர் தனக்குத் தெரிந்த கடித நடையில் எழுதுவார். வணக்கங்களும் ஆசிகளும் நீளும், அரச விசுவாசமும் கொஞ்சம் தூவப்படும். சிப்பாய் சொன்னது எது, எழுத்தர் சேர்த்தது எது என்று பிரிக்க முடியாது.

3. படைப்பிரிவில் ஒரு தணிக்கை.

4. அடுத்து பின்தளத்தில் ஹாவெலின் அலுவலகம். உருது, இந்தி, குர்முகி என்று பல எழுத்துகளில் வரும் கடிதங்களிலிருந்து சிலவற்றை எடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்கள், அதிலும் பகுதிகளை மட்டும்.

5. ஊரில் கடிதம் வந்தால், படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிப்பார். மனைவிக்கு எழுதியதை மாமனாரும் பக்கத்து வீட்டாரும் கேட்பார்கள். இது எழுதியவருக்கும் தெரியும்.

6. பதில் எழுதவும் இன்னொரு கை வேண்டும்.

மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அன்பு வார்த்தையே இல்லையே, கல்நெஞ்சனா என்று கேட்பவர்கள் ஐந்தாவது எண்ணை இன்னொரு முறை படிக்கவும்.

இவ்வளவு கண்களுக்கு நடுவிலும் விஷயம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் வியப்பு. கறுப்பு மிளகு, சிவப்பு மிளகாய் கணக்கு இதில் பிரபலம். கறுப்பு என்றால் இந்தியப் படை, சிவப்பு என்றால் வெள்ளைக்காரப் படை. கறுப்பு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள், கறுப்புக்குத்தான் காரம் அதிகம் என்ற மாதிரி வரிகள் சமையல் பேச்சாக வேஷம் போட்டுப் போயின. காயம்பட்டு இங்கிலாந்தின் பிரைட்டன் ராயல் பெவிலியன் மருத்துவமனையில் கிடந்தவர்கள், யாரையும் படையில் சேர விடாதீர்கள் என்று ஊருக்கு மறைமுகமாகத் தகவல் அனுப்பினார்கள். ஹாவெலுக்கு இது புரியாமல் இல்லை. இந்த மாதிரி சூசகங்களையெல்லாம் வெட்டப்போனால் கடிதப் போக்குவரத்தே நின்றுபோகும் என்று தெரிந்து, பலவற்றை விட்டுவிட்டார்.

இதில் ஒரு முரண். அசல் கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. கறையான், வெள்ளம், இடமாற்றம் என்று எப்படி எப்படியோ போய்விட்டன. மிஞ்சியிருப்பது தணிக்கை அலுவலகம் தன் அறிக்கைகளோடு சேர்த்துவைத்த ஆங்கில மொழிபெயர்ப்புகள், அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வெட்ட வந்தவர்தான் பாதுகாத்துக் கொடுத்திருக்கிறார். அதனாலேயே நாம் படிப்பது அவர் எடுத்துவைத்த பகுதிகளை மட்டும். அரசுக்குக் கவலை தராத ஆயிரக்கணக்கான சாதாரணக் கடிதங்கள் அவர் கண்ணில் படவுமில்லை, நம் கைக்கு வரவுமில்லை. ‘இந்தியச் சிப்பாய்கள் இப்படித்தான் நினைத்தார்கள்’ என்று இவற்றை வைத்து அடித்துச் சொல்வதற்கு முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசித் தணிக்கையாளர், எழுதுபவரே

எந்த அதிகாரியும் வெட்டாத விஷயங்களையும் சிப்பாய் எழுதுவதில்லை. அம்மா கவலைப்படுவாள் என்பது ஒரு காரணம். அனுபவித்ததைச் சொல்ல வார்த்தை கிடைக்காதது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை: கடிதம் எழுதும் அந்த அரை மணி நேரமாவது போரை விட்டு வெளியே இருக்க வேண்டும் என்ற ஆசை. காலுறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவர் உண்மையை மறைக்கிறார் என்பதைவிட, கொஞ்ச நேரம் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்று சொல்வது பொருத்தமாக இருக்கும்.

மறுமுனையிலும் இதேதான் நடந்தது. வீட்டில் கடன், காய்ச்சல், சாவு எதையும் எழுதாதே, அவன் மனம் உடையும் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இரண்டு பக்கமும் நலம் என்று எழுதிக்கொண்டிருக்கும், இரண்டு பக்கமும் அதை முழுசாக நம்பியிருக்காது.

நேர இடைவெளி என்ற கொடுமை

கடிதத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் கேள்வியே பழசாகிவிடும். அதனால்தான் பல தம்பதிகள் கடிதங்களுக்கு வரிசை எண் போட்டார்கள். 14 வந்தது, 16 வந்தது, 15 எங்கே என்று வீட்டில் தேடுவார்கள். கட்டுகளில் அப்படி எண் இருந்தால் அது பொக்கிஷம், எத்தனை தொலைந்தன என்றுகூடக் கணக்கிடலாம்.

இடத்தையும் எடையையும் குறைத்து வேகத்தைக் கூட்ட இரண்டாம் உலகப்போரில் ஒரு தந்திரம் செய்தார்கள். பிரிட்டன் 1941-இலும் அமெரிக்கா 1942 ஜூனிலும் கடிதத்தைப் புகைப்படம் எடுத்து மைக்ரோஃபிலிம் என்ற சின்னப் படச்சுருளாக விமானத்தில் அனுப்பத் தொடங்கின. அமெரிக்கர்கள் வைத்த பெயர் வி-மெயில். 37 மூட்டை நிறைய, 1,100 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றரை லட்சம் கடிதங்கள் ஒரே மூட்டையில் சுமார் 20 கிலோவாகச் சுருங்கின. போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி தாளில் அச்சிட்டுக் கொடுப்பார்கள், அசலைவிடச் சின்னதாக, பொடி எழுத்தில். காதலிகள் கடிதத்தில் உதட்டுச்சாய முத்தம் பதித்து அனுப்ப, அது இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு ஊழியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சோவியத் படையிலோ உறைக்கே பஞ்சம். தாளை முக்கோணமாக மடித்து, தபால்தலை இல்லாமல் அனுப்பினார்கள். முக்கோணம் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான், அரசாங்க உறை வந்தால் பயம்.

தபால் தேங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1945-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சாட்சி. அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வந்த 1 கோடியே 70 லட்சம் உருப்படிகள் அங்கே கிடங்குகளில் குவிந்து கிடந்தன. கறுப்பினப் பெண்கள் மட்டுமே கொண்ட 6888-ஆம் தபால் பட்டாலியன், மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் வந்தது. ஆறு மாதம் ஆகும் என்று கொடுத்த வேலையை மூன்றே மாதத்தில் முடித்தார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற ஒரே பெயரில் மட்டும் 7,500 பேருக்கு மேல் இருந்தார்களாம், சேவை எண்ணைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்! அந்தக் குவியலில் இறந்துபோனவர்களுக்கு வந்த கடிதங்களும் இருந்தன. அவற்றைத் திருப்பி அனுப்புவதும் அவர்கள் வேலையாக இருந்தது.

மரணச் செய்தியும் கடிதமும் ஒரே வேகத்தில் வருவதில்லை என்பதுதான் இதில் கொடியது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அதிகாரி இறந்தால் வீட்டுக்குத் தந்தி வரும், சாதாரணச் சிப்பாய் இறந்தால் அச்சடித்த படிவம் ஒன்று தபாலில் வரும். தந்தி முந்திக்கொண்டால், இறந்தவர் எழுதிய கடிதம் அதற்குப் பிறகு வந்து கதவைத் தட்டும். மேலே சொன்ன வில்ஃபிரட் ஓவன் 1918 நவம்பர் 4-இல் கொல்லப்பட்டார். தந்தி பெற்றோரிடம் வந்தது நவம்பர் 11, போர் முடிந்துவிட்டது என்று ஊரில் மணி அடித்துக்கொண்டிருந்த நேரம். அக்டோபர் 31 தேதியிட்ட அவருடைய கடைசிக் கடிதம் நிலவறையின் புகையையும் தோழர்களின் கூத்தையும் சிரிப்பும் கும்மாளமுமாகச் சொல்கிறது.

கைதியானால் கடிதம் உண்டா?

உண்டு, அது சலுகையும் இல்லை, உரிமை. 1949-இன் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் சொல்வது சுருக்கமாக:

1. முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள், பிடிபட்டதையும் உடல்நிலையையும் சொல்லும் அட்டை ஒன்றைக் கைதி வீட்டுக்கு அனுப்ப அனுமதிக்க வேண்டும்.
2. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினாலும் மாதத்துக்கு 2 கடிதம், 4 அட்டை என்பதற்குக் கீழே போகக் கூடாது.
3. தபால் கட்டணம் கிடையாது.
4. தணிக்கை செய்யலாம், ஆனால் ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு முறை, சீக்கிரமாக.

எழுதி வைத்தது ஒன்று, நடப்பது ஒன்று என்பது வேறு கதை. ஆனால் கைதிகள் விவகாரம் செய்தியில் அடிபடும்போது, ‘வீட்டோடு தொடர்பு தரவில்லை’ என்ற குற்றச்சாட்டு ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது என்பதற்கு இதுதான் அடிப்படை. அட்டை வந்துவிட்டால், அந்த ஆளைப் பிடித்து வைத்திருப்பதை அந்த நாடு ஒப்புக்கொண்டதாகிறது. அதற்கப்புறம் ‘அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை’ என்று சொல்வது எளிதில்லை.

ஒரு பழைய கட்டு கையில் கிடைத்தால் எப்படிப் படிப்பது?

1. முதலில் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள். வாரம் ஒன்று என்று வந்துகொண்டிருந்த கடிதம் ஒரு மாதம் நின்றிருந்தால், அந்த மாதத்தில் அவருடைய பிரிவு எங்கே இருந்தது என்று பாருங்கள். கடிதம் எழுதாத நாள்களில்தான் போர் இருக்கிறது.

2. உறையைத் தூக்கிப் போடாதீர்கள். முத்திரை, எண், தணிக்கையாளர் கையெழுத்து எல்லாம் அதில்தான். தபால்தலைக்காக உறையின் மூலையை வெட்டி எடுத்தவர்களை மன்னிக்கவே முடியாது.

3. யாருக்கு எழுதியது என்று பாருங்கள். அம்மாவுக்கு எழுதியதையும் அண்ணனுக்கு எழுதியதையும் ஒரே வாரத்துக் கடிதங்களாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு போர்கள் தெரியும். அண்ணன், தம்பி, நண்பனுக்கு எழுதியதில் கொஞ்சம் அவிழ்ந்திருப்பார்கள்.

4. கையெழுத்து மாறுகிறதா? மருத்துவமனையில் செவிலியர் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

5. ரொம்ப அழகாக, ரொம்ப உருக்கமாக இருக்கும் ‘கடைசிக் கடிதம்’ கிடைத்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861-இல் இறந்த மேஜர் சல்லிவன் பலூ மனைவிக்கு எழுதிய கடிதம் உலகப் புகழ்பெற்றது. தபாலில் சேர்க்கப்படாமல் அவருடைய பெட்டியில் கிடந்தது என்பார்கள். ஆனால் அசல் தாள் இன்று இல்லை, பிரதிகள்தான் உண்டு. பொய் என்று இதனால் ஆகிவிடாது, ஆனால் பிரதி என்பது நினைவில் இருக்க வேண்டும்.

கைப்பேசி வந்த பிறகு

இப்போது காணொளியில் முகத்தையே பார்த்துவிடலாமே, இந்தப் பிரச்சினையெல்லாம் தீர்ந்ததா? பாதிதான்.

இடத்தை மறைப்பது முன்பைவிடக் கஷ்டமாகிவிட்டது. கடிதத்தில் ஊர் பெயரை வெட்டினால் போதும், கைப்பேசியோ பேசாமல் இருந்தாலே கோபுரத்துக்குச் சமிக்ஞை கொடுத்துக்கொண்டிருக்கும். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட வரைபடத்தில், சிப்பாய்கள் காலையில் ஓடிய தடத்தை வைத்தே ராணுவ முகாம்களின் வடிவம் தெரிந்தது. 2023 புத்தாண்டு பிறந்த சமயத்தில் உக்ரைனின் மகீவ்காவில் ரஷ்யச் சிப்பாய்கள் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டபோது, 89 பேர் இறந்ததாக ஒப்புக்கொண்ட ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், தடையை மீறிச் சிப்பாய்கள் கைப்பேசி பயன்படுத்தியதுதான் காரணம் என்றது. பழியைச் செத்தவர்கள் மேலேயே போடுகிறார்கள் என்று ரஷ்யாவிலேயே கோபம் வந்தது, அதுவும் உண்மைதான். இந்திய ராணுவம் 2020 ஜூலையில் 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கச் சொன்னதும் இந்தக் கவலையால்தான்.

அடுத்து, மரணச் செய்தி. ஈராக்கில் இருந்த அமெரிக்கப் படைகளில், ஒருவர் இறந்துவிட்டால் முகாமின் இணையத்தையும் தொலைபேசியையும் அணைத்துவிடுவார்கள். அதிகாரிகள் நேரில் போய்க் குடும்பத்திடம் சொல்லும் வரை திறக்க மாட்டார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு இது சீக்கிரமே பழகிவிட்டது. இணைப்பு போனால் யாரோ ஒருவர் போய்விட்டார் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும், யார் என்று மட்டும் தெரியாது. ஒரு தந்திக்குப் பயந்த காலம் போய், ஒரு மௌனத்துக்கு ஊரே பயப்படும் காலம்.

மூன்றாவது, வீட்டுச் சண்டை நேரலையில் வருகிறது. குழாய் உடைந்தது, பள்ளியில் கட்டணம் கேட்கிறார்கள், உன் அண்ணி இப்படிச் சொல்லிவிட்டாள். இதைக் கேட்டுவிட்டு அடுத்த பத்து நிமிடத்தில் காவலுக்குப் போக வேண்டும். கடிதத்தின் தாமதத்தில் ஒரு இரக்கம் இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

உக்ரைனில் போர்முனையில் இருப்பவர்கள் வீட்டுக்கு அடிக்கடி அனுப்பும் செய்தி வெறும் ஒரு ‘+’ குறி. இருக்கிறேன் என்று அர்த்தம். நூறு வருடத்துக்கு முன் அடித்துக் கொடுத்த அட்டையின் வேலையை இது ஒரே தட்டலில் செய்கிறது. என்ன, அட்டை பெட்டியில் கிடந்து பேரன் கைக்கு வரும், இந்தக் கூட்டல் குறி கைப்பேசி உடைந்தாலோ கணக்கு மூடப்பட்டாலோ போச்சு. வாட்ஸ்அப்பில் ஓர் உரையாடலைத் தேதி, நேரத்தோடு கோப்பாக எடுத்து வைக்க வசதி இருக்கிறது. ஆள் பத்திரமாகத் திரும்பி வந்த பிறகு அதைச் செய்து, ஒரு பிரதியைத் தாளிலும் அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம்.